பழைய ஃபைபர் போட், பாதியில் நிற்கும் அவுட்போர்டு: வாங்கலாமா, விடலாமா?

தேயிலைமேடு (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்துக்குள்ளேயே சொந்தக் குளம் இருக்கிறது, சுமார் நாலு ஏக்கர். நாற்றங்காலுக்கும் கோடையில் ஸ்பிரிங்ளருக்கும் அதிலிருந்துதான் தண்ணீர். ஆகாயத்தாமரை பாதிக் குளத்தை மூடிவிட்டது. பம்ப்செட் ஃபுட்வால்வைச் சுற்றி வேர் அடைத்துக்கொண்டு பம்ப் காற்றை இழுக்கிறது. கரையில் நின்று கொக்கி போட்டு இழுத்தால் கை எட்டும் தூரம்தான் சுத்தமாகிறது.

ஊட்டியில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் 14 அடி ஃபைபர் போட் ஒன்று விலைக்கு இருக்கிறது. பின்னால் 9.9 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்). இரண்டும் சேர்த்து 90,000 கேட்கிறார். போய்ப் பார்த்தேன். அவர்கள் குளத்திலேயே ஓட்டிக் காட்டினார். கயிறு இழுத்ததும் பிடித்துக்கொண்டது. மெதுவாகப் போகும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. கைப்பிடியை முழுக்கத் திருப்பினால் வேகம் ஏறாமல் முக்குகிறது, புகை கக்குகிறது. நடுக்குளத்தில் நின்றேவிட்டது. கொஞ்சம் பொறுத்து இழுத்தால் மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

"பிளக் மாத்தினா போதும் சார், ரொம்ப நாளா சும்மா நின்ன எஞ்சின், ஓட ஓடச் சரியாயிடும்" என்கிறார் விற்பவர்.

போட் எனக்குப் பிடித்திருக்கிறது. எஞ்சினை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர் (குன்னூர்)

பிளக் மாற்றினால் போதும் என்றால் அவரே ஒரு பிளக் வாங்கிப் போட்டுவிட்டு இன்னும் பத்தாயிரம் ஏற்றிக் கேட்டிருப்பாரே சார்? பிளக் என்ன விலை?

ஒரு கேள்வி. நீங்கள் போனபோது எஞ்சின் ஜில்லென்று இருந்ததா, இல்லை ஏற்கெனவே கொஞ்சம் சூடாக இருந்ததா? பழைய எஞ்சின் விற்கிறவர்கள், ஆள் வருவதற்கு முன்பே ஒரு தடவை ஓட்டி வைத்துவிடுவார்கள். சூடான எஞ்சின் யார் இழுத்தாலும் பிடிக்கும். ஊட்டிக் குளிரில் காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த எஞ்சினை இழுத்துப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும்.

தேயிலைமேடு (கோத்தகிரி)

தொட்டுப் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல்தான் போனேன்.

முத்துநகர் மீனவன் (தூத்துக்குடி)

அண்ணாச்சி, கடலில் இந்த எஞ்சின்களோடு வளர்ந்தவன் நான். "ஓடும், நிற்கும், பொறுத்தால் ஓடும்" என்று யார் வந்து சொன்னாலும் நாங்கள் முதலில் எஞ்சினைத் தொட மாட்டோம். டேங்க் மூடியைத்தான் பார்ப்போம். மூடி மேலே காற்றுப் போவதற்குச் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திறக்காமல் ஓட்டினால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, எஞ்சினுக்கு எண்ணெய் வராது. நின்றதும் மெல்லக் காற்று புகுந்து சமமாகும், மறுபடி ஓடும். இதை வைத்தே "எஞ்சின் போச்சு" என்று விற்றவர்களும் உண்டு, அதை மலிவாக வாங்கிச் சிரித்தவர்களும் உண்டு.

திருகு திறந்திருந்தும் நின்றால் அடுத்த சோதனை. டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் ஹோஸின் நடுவில் ரப்பர் உருண்டை இருக்கும் அல்லவா, எஞ்சின் சுருதி இறங்க ஆரம்பித்த அந்த நொடியில் அதைக் கையால் அமுக்குங்கள். அமுக்கியதும் எஞ்சின் எழுந்து ஓடினால் கோளாறு எண்ணெய் வரும் வழியில். அமுக்கியும் செத்துப்போனால் கார்புரேட்டரையோ கரன்ட்டையோ பார்க்க வேண்டும். உருண்டை தானாகச் சப்பிப்போய்க் கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. கல்போல இருந்தும் எஞ்சின் நின்றால் எண்ணெய் கார்புரேட்டர் வாசல் வரை வந்துவிட்டது, அதற்கு அப்பால்தான் சிக்கல்.

இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் உருண்டையைப் பிடிக்க. விற்பவரையே ஓட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், எஞ்சின் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டீர்களா? மலையில் பிறந்த எஞ்சின் கிடையாது அது.

குறிஞ்சி_கொடை (கொடைக்கானல்)

கொடை ஏரியில் வாடகைக்குக் கிடைப்பது துடுப்புப் படகும் பெடல் படகும்தான். 1863-ல் அந்த ஏரியை உருவாக்கிய லெவிஞ்ச், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் மலையேற்றிக் கொண்டுவந்தார் என்பார்கள். மீனவன் அண்ணன் ஊர்ப் படகு! வாடகைக்கு மோட்டார் போட் இல்லாததால் இங்கே இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு. நான் ஒரு தனியார் விடுதிக் குளத்தில் இரண்டு மோட்டார் போட்களைப் பல வருடம் பராமரித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

//கைப்பிடியை முழுக்கத் திருப்பினால் வேகம் ஏறாமல் முக்குகிறது// என்பதற்கு எஞ்சின் கெட்டிருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. அது இருக்கும் உயரமே போதும்.

ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் சக்தியில் சுமார் 3 சதவீதம் போகும் என்பது பொதுவான கணக்கு. ஊட்டியில் 9.9 ஹெச்பி என்பது ஏறக்குறைய ஏழே முக்கால். கோத்தகிரிக்கு இறக்கினால் எட்டை ஒட்டி வரும். இது புது எஞ்சினுக்கே.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. காற்று மெலிந்துபோகிறது, ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை அதே அளவு. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கலவை கொழுத்துவிடுகிறது. எரிந்தது போக மிச்சம் புகையாகவும், பிளக்கில் கறுப்புப் பிசுக்காகவும் நிற்கும். ஈர விறகு அடுப்புதான், ஊத ஊதப் புகையே வரும். மெதுவாக ஓட்டும்போது அவ்வளவாகத் தெரியாது, முழு வேகம் கேட்கும்போதுதான் முக்கும்.

சரிசெய்ய வழி இருக்கிறது. ஒரு எண் அல்லது இரண்டு எண் சிறிய மெயின் ஜெட் போட வேண்டும். புரொப்பல்லரின் பிட்சை (ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் தூரம்) குறைக்க வேண்டும், ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை ஏறும். ஜெட்டும் பிட்சும் கலவையையும் சுற்றையும் சரிக்கட்டும், போன குதிரை சக்தியைத் திருப்பித் தராது. புது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் காற்றழுத்தத்தைத் தானே அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அங்கேயும் சக்தி போவது போவதுதான்.

ஆகவே முக்குவதற்கு ஒரு காரணம், நிற்பதற்கு இன்னொரு காரணம் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் மெக்கானிக் பிழைத்துக்கொள்வார், நீங்கள் பிழைக்க மாட்டீர்கள்.

லவ்டேல்வாசி (ஊட்டி)

எஞ்சின் கதை இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு வேறு யாராவது போட் வாங்கி எமரால்டிலோ அவலாஞ்சியிலோ இறக்கிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் குந்தா மின்திட்ட அணைகள். சுற்றிலும் காடு. பைக்காராவும் மின்திட்டத் தண்ணீர்தான், அங்கே ஓடுவது சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள். நம் இஷ்டத்துக்கு இறக்குவதற்கு இடமே கிடையாது. பொது நீர்நிலையில் இயந்திரப் படகு என்றால் 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் இருக்கிறது. 1917-ல் போட்ட பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. சோதனைச் சான்று, பதிவு எல்லாம் கேட்கும்.

தேயிலைமேடு சாருக்குச் சொந்தக் குளம் என்பதால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் "பின்னால் விற்றுக்கொள்ளலாம்" என்று கணக்குப் போட்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். மலையில் இதை வாங்குகிறவர் அபூர்வம். அதையே விலை பேசும்போது விற்பவரிடமும் சொல்லலாம், அவருக்கும் அதே நிலைமைதான்.

பரிசல்காரன் (பவானிசாகர்)

நாலு ஏக்கர் குளத்துக்கு எதற்குங்க அவுட்போர்டு? இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். ஒரு ஃபைபர் பரிசல் வாங்குங்கள், ஒரு துடுப்பு, ஒரு ஆள். எங்கள் அணையில் மீன் பிடிக்கிறவர்கள் பரிசலிலேயே காலம் தள்ளுகிறார்கள். நிற்கவும் நிற்காது, பிளக்கும் கேட்காது.

பழைய ஸ்பேனர் (குன்னூர்)

பரிசல்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவுட்போர்டு எஞ்சின் குளத்துத் தண்ணீரை இழுத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். தண்ணீர் இழுக்கும் சல்லடை கீழே, புரொப்பல்லருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஆகாயத்தாமரை வேர் முடிக்கற்றையாக அதில் அப்பிக்கொண்டால் தண்ணீர் வராது, எஞ்சின் கொதிக்கும். களை எடுக்க வாங்குகிற எஞ்சினுக்குக் களைதான் முதல் எதிரி.

தேயிலைமேடு (கோத்தகிரி)

பரிசல் பற்றி யோசிக்காமல் இல்லை. களையைப் பரிசலில் ஏற்றி வருவதில்லை. கயிறு கட்டி, ஒரு பாய் அளவுக்கு வெட்டி, மொத்தமாகக் கரைக்கு இழுத்துவர வேண்டும். ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஒரு சின்னப் பாயே நகர மாட்டேன் என்கிறது. மதியத்துக்கு மேல் இங்கே காற்று வேறு. துடுப்பில் இழுத்தால் படகுதான் களையை நோக்கிப் போகிறது.

பரிசல்காரன் (பவானிசாகர்)

அப்படியென்றால் கரையில் ஒரு கைவிஞ்ச் வைத்துக் கயிற்றைச் சுற்றி இழுங்கள். படகு கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டுவதற்கு மட்டும் இருக்கட்டும். படகே இழுக்க வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

குறிஞ்சி_கொடை (கொடைக்கானல்)

இந்த யோசனை நன்றாக இருக்கிறது. இழுத்த களையைக் கரையிலேயே போட்டுவிடாதீர்கள் தம்பி, அடுத்த மழையில் திரும்பக் குளத்துக்குள் போய்விடும். விதையும் சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒரு தடவை எடுத்தால் முடிந்தது என்று முதலாளியிடம் சொல்லிவிட வேண்டாம்.

தேயிலைமேடு (கோத்தகிரி)

மறுபடி ஊட்டி போய்வந்தேன். இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே. புல்லில் பனி வெள்ளையாக இருந்தது.

1. குளிர்ந்த எஞ்சின். சோக் இழுத்தும் சீக்கிரம் பிடிக்கவில்லை. தோட்டத்துப் பையன் இழுத்து இழுத்துக் கை சிவந்த பிறகுதான் பிடித்தது.

2. டேங்க் மூடித் திருகு திறந்துதான் இருந்தது. அதில் குற்றமில்லை.

3. எஞ்சின் இறங்கும்போது ரப்பர் உருண்டையை அமுக்கினேன். உடனே எழுந்துவிட்டது! அமுக்கிக்கொண்டே இருந்தவரை நிற்காமல் ஓடியது. விட்டதும் கொஞ்ச நேரத்தில் இறங்கியது. உருண்டை சப்பிப்போகவில்லை, தொளதொளவென்று இருந்தது.

4. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் நூலாக வருகிறது. கை வைத்தால் நன்றாகச் சூடு.

5. பிளக் இரண்டும் கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு.

தெரிந்த ஒருவரிடமிருந்து கம்ப்ரஷன் மீட்டர் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது) வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஒரு சிலிண்டர் 75 பிஎஸ்ஐ, இன்னொன்று 74. விற்பவர் முகம் அப்போதே மாறிவிட்டது.

எண்ணெய் வரும் பக்கம் எஞ்சினில் ஒரு பித்தளைக் குழாய்த் திருப்பி இருக்கிறது. மூன்று வழி. ஒரு வழியை அடைத்து மூடியிருக்கிறார்கள். எதற்கு என்று தெரியவில்லை, படம் போட்டிருக்கிறேன்.

முத்துநகர் மீனவன் (தூத்துக்குடி)

படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அண்ணாச்சி. அது எங்க ஊர் ஆள்! மண்ணெண்ணெய் எஞ்சின்.

அந்த மூன்று வழித் திருப்பியில் ஒன்று சின்னப் பெட்ரோல் டேங்குக்கு, இன்னொன்று பெரிய மண்ணெண்ணெய் டேங்குக்கு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவோம். கரைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெயைக் காலி செய்துவிட்டுத்தான் அணைப்போம். அப்போதுதான் மறுநாள் விடியலில் பிடிக்கும். கரையோரத்தில் நாட்டுப் படகுகளுக்கு மானிய மண்ணெண்ணெய் கொடுப்பதே இந்த எஞ்சின்களுக்காகத்தான்.

மண்ணெண்ணெய் எஞ்சினில் கம்ப்ரஷனைக் குறைத்துத்தான் செய்வார்கள், இல்லாவிட்டால் தட்டும். பெட்ரோலை மட்டும் ஊற்றி ஓட்டினால் ஓடும். ஆனால் அதே அளவு பெட்ரோல் எஞ்சின் தரும் இழுவை வராது. ஜெட்டும் மண்ணெண்ணெய்க்குப் பார்த்துப் போட்டதாகத்தான் இருக்கும். அதற்கு மேல் குறிஞ்சி அக்கா சொன்ன மலைக்காற்று. பாவம், அது முக்காமல் என்ன செய்யும்?

தண்ணீர் நூலாக வருகிறது என்றால் கடல் உப்பு உள்ளே குழாயில் படிந்திருக்கும், அல்லது தண்ணீர் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் இறக்கை மடங்கியிருக்கும். இரண்டும் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இம்பெல்லரைப் பார்க்க எஞ்சினின் அடிக்காலை (தண்ணீருக்குள் இறங்கும் பகுதி) கழற்ற வேண்டும், உப்பு பிடித்த போல்ட் கழன்று வருமா, ஒடிந்து வருமா என்பது உங்கள் ஜாதகம்.

பழைய ஸ்பேனர் (குன்னூர்)

மண்ணெண்ணெய் எஞ்சின் என்பது முக்குவதற்குக் காரணம், ஒத்துக்கொள்கிறேன். நிற்பதற்கு அது காரணம் இல்லை. உருண்டையை அமுக்கினால் ஓடுகிறது என்றால் ஃபியூல் பம்ப் இழுக்கவில்லை, அல்லது வழியில் எங்கோ காற்று கலக்கிறது. பம்ப்புக்குள் டயாஃப்ரம் என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், அது விறைத்துப்போயிருக்கும். ஹோஸ் சொருகும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஊதும், பிசுபிசுக்கும், உள்ளே உரிந்து துகள் விடும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். மலை மூட்டத்தில் பாதி டேங்க் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைத்தால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான்.

கம்ப்ரஷன் 75 என்றதும் பயப்பட வேண்டாம். மலையில் எடுத்த அளவைக் கடல்மட்டக் கணக்கோடு வைத்துப் பார்க்கக் கூடாது, உள்ளே போகும் காற்றே கம்மி. ஊட்டி 75 கீழே போனால் 95 பக்கம் காட்டும். முக்கியம் என்னவென்றால் இரண்டு சிலிண்டரும் ஒரே அளவாக இருக்கின்றன. பிஸ்டன், ரிங் பக்கம் பெரிய சேதம் இல்லை.

இன்னும் ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். அடிக் கியர்பாக்ஸில் கீழே ஒரு திருகு இருக்கும். எஞ்சின் ராத்திரி முழுக்க நேராக நின்ற பிறகு, அதை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முதலில் சொட்டுவது எண்ணெயா, தண்ணீரா? தண்ணீர் கனம், அதனால் அடியில் நிற்கும், அதுதான் முதலில் வரும். எண்ணெயே மோர் நிறத்தில் வந்தாலும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஊட்டி உறைபனியில் அந்தத் தண்ணீர் உறைந்தால் கியர்பாக்ஸ் கூடே வெடிக்கும்.

மொத்தத்தில் இது செத்த எஞ்சின் இல்லை. இடம் மாறி வந்த எஞ்சின். செலவு செய்தால் ஓடும். உங்கள் குளத்துக்கு அந்தச் செலவு தேவையா என்பது வேறு கேள்வி.

குறிஞ்சி_கொடை (கொடைக்கானல்)

எல்லோரும் எஞ்சினையே சுற்றிச் சுற்றி வருகிறோம். தம்பி வாங்கப் போவது போட். அதை யாராவது தட்டிப் பார்த்தீர்களா?

ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, ஃபைபர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். தண்ணீர் புகுந்து உளுத்த இடத்தில் சத்தம் மொத்தையாக இறங்கும். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையில் அதிக நேரம் செலவழியுங்கள். மேலே ஃபைபர், உள்ளே பிளைவுட். எஞ்சினின் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே பளபளப்பாகவும் உள்ளே ஊறப்போட்ட அட்டையாகவும் இருக்கும். எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள், பலகை சேர்ந்து வளைந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

இருக்கைக்கு அடியில் மிதப்பதற்காக நுரை அடைத்திருப்பார்கள். அது தண்ணீர் குடித்திருந்தால் போட் அநியாயத்துக்குக் கனக்கும். 14 அடி போட்டை நாலு பேர் தூக்க முடியவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

விலை பேசுவதற்கு என் கணக்கு ஒன்றுதான். நம்ப முடியாத எஞ்சினுக்கு விலை பூஜ்யம். பாதி விலை இல்லை, கால் விலை இல்லை, பூஜ்யம். ஓடினால் லாபம், ஓடாவிட்டால் நஷ்டமில்லை என்கிற விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். "ரிப்பேருக்கு இருபதாயிரம் ஆகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று பேச ஆரம்பித்தால் அவர் எஞ்சினுக்கு ஒரு விலை இருப்பதை நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் பேச்சு அந்த விலையிலிருந்துதான் ஓடும்.

இன்னொன்று, இது எனக்கு மனசில் உறுத்துவதால் சொல்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு குடிக்கும் பெட்ரோலில் கால் பங்கு வரைகூட எரியாமல் ஆயிலோடு சேர்ந்து தண்ணீருக்குள்தான் போகும். அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள் நாற்றங்காலில் தெளிக்கிறீர்கள். தண்ணீர் மேலே வானவில் கலரில் படலம் பார்த்திருப்பீர்கள். நாற்றுக்கு என்ன ஆகுமோ, எனக்கென்றால் அந்தத் தண்ணீரை ஊற்ற மனம் வராது.

முத்துநகர் மீனவன் (தூத்துக்குடி)

அக்கா பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அமரத்துப் பலகை (பின்பலகை) போன வள்ளத்தில் எஞ்சின் மாட்டி, எஞ்சினோடு பலகையும் கடலுக்குள் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புதியவர்_77

எங்களிடம் எல்லா வகை அவுட்போர்டும் சலுகை விலையில் கிடைக்கும், தொடர்புக்கு…

நெறியாளர்

மேலே இருந்த விளம்பரத்தின் எண் நீக்கப்பட்டது. விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

லவ்டேல்வாசி (ஊட்டி)

எண்ணெயே வேண்டாம் என்றால் பேட்டரி மோட்டார் போடலாமே? பின்பலகையில் மாட்டுகிற ட்ரோலிங் மோட்டார். அதற்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை, காற்றை எரித்தால்தானே காற்று குறைந்தது தெரியும்.

குறிஞ்சி_கொடை (கொடைக்கானல்)

எங்கள் விடுதியில் கடைசியில் அதற்குத்தான் மாறினோம். 12 வோல்ட், 55 பவுண்ட் தள்ளுவிசை. முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு மணி நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். சாதா லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் போய்விடும், ஆக ஒரு மணி நேரம். குளிர்காலக் காலையில் அதுவும் குறையும். மெதுவாக ஓட்டினால் நாள் முழுக்கக்கூட வரும்.

களை இதிலும் சுற்றும். ஆனால் ஒரு கையால் தூக்கி, அரிவாளால் அறுத்துவிட்டு மறுபடி இறக்கலாம். கொதிக்க ஒன்றும் இல்லை. பாய் இழுக்க இது போதாது. பரிசல்காரர் சொன்ன கைவிஞ்ச்தான் அதற்கு.

எந்த மோட்டாராக இருந்தாலும் படகில் ஏறுகிற ஆட்களுக்கு லைஃப் ஜாக்கெட் போடாமல் விடாதீர்கள். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, காலில் கம் பூட்ஸ் வேறு. மலைத் தண்ணீர்க் குளிரில் விழுந்த உடனேயே மூச்சு இழுத்துக்கொள்ளும். பெரிய நீச்சல்காரருக்கும் அப்படித்தான்.

தேயிலைமேடு (கோத்தகிரி)

முடிந்தது. போட் மட்டும் வாங்கினேன், 38,000.

நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் அடிப்பாகம் நன்றாக இருக்கிறது. பின்பலகையில் வலப்பக்க போல்ட்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குச் சத்தம் மொத்தை. அதை விற்பவர் முன்னாலேயே தட்டிக் காட்டினேன். கியர்பாக்ஸ் திருகைத் தளர்த்தியதும் தண்ணீர்தான் முதலில் வந்தது. அவரும் குனிந்து பார்த்தார். அதற்கப்புறம் "பிளக் மாத்தினா போதும்" என்ற பேச்சே வரவில்லை. "எஞ்சினையும் எடுத்துட்டுப் போங்க, ஒரு பத்தாயிரம் சேர்த்துக் குடுங்க" என்றார். பூஜ்யம் என்றேன். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டீ வந்தது. பிறகு அவரும் வந்தார்.

பேட்டரி மோட்டார் போடுவதாக முடிவு. கைவிஞ்ச் தோட்டத்து பழைய ஷெட்டிலேயே ஒன்று கிடக்கிறது, கிரீஸ் போட்டால் சுற்றும்.

இரண்டு சந்தேகம். பின்பலகை ரிப்பேரை இப்போதே செய்யலாமா? போட்டை ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு எப்படிக் கொண்டுவருவது, டிரெய்லர் இல்லை.

குறிஞ்சி_கொடை (கொடைக்கானல்)

ரிப்பேரை இப்போது தொடாதீர்கள். ஃபைபர் வேலைக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் 15 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறுகாது, ஈரக் காற்றும் ஆகாது. கடினமாக்கியைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கிறேன் என்பார்கள், மேலே மட்டும் இறுகி உள்ளே பிசினாகவே நிற்கும். உளுத்த பிளைவுட்டை இப்போதே வெட்டி எடுத்துவிட்டு, திறந்து வைத்துக் காய விடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, பகல் பத்து மணிக்கு மேல் ரெசின் வேலையை வைத்துக்கொள்ளலாம். பேட்டரி மோட்டார் கனமில்லை, அதுவரை இடப்பக்கம் தள்ளி மாட்டி ஓட்டுங்கள்.

பழைய ஸ்பேனர் (குன்னூர்)

பிக்கப்பில் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவாருங்கள். நிமிர்த்தி வைத்தால் தொட்டபெட்டா பக்கம் காற்று உள்ளே புகுந்து தூக்கும். அடியில் பழைய டயர் இரண்டு, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டு. 14 அடி என்பதால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிவப்புத் துணி கட்டுங்கள், வளைவில் பஸ்காரருக்குத் தெரிய வேண்டும். காலை மூட்டம் விலகின பிறகு கிளம்புங்கள்.

முத்துநகர் மீனவன் (தூத்துக்குடி)

அண்ணாச்சி, அந்த எஞ்சினை அவர் என்ன செய்யப் போகிறார்? எடைக்குப் போடுவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு சிலிண்டரும் சமமாக இருக்கிற மண்ணெண்ணெய் எஞ்சினை இங்கே யாரும் எடைக்குப் போட மாட்டார்கள். சீல், இம்பெல்லர், டயாஃப்ரம் மாற்றி என் தம்பி வள்ளத்தில் மாட்டிவிடுவேன். கடல்மட்டத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் பழையபடி இழுக்கும்.

தேயிலைமேடு (கோத்தகிரி)

கேட்டுவிட்டேன். உங்களுக்கென்றால் ஐயாயிரம் என்கிறார்.

முத்துநகர் மீனவன் (தூத்துக்குடி)

எனக்கும் பூஜ்யம் கிடையாதா! சரி, மூவாயிரத்துக்குக் கேட்டுப் பாருங்கள், லாரி வாடகை என்னுடையது.

நெறியாளர்

விலை பேச்சைத் தனிமடலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்பேனர் (குன்னூர்)

யார் அனுப்பினாலும் கார்புரேட்டரையும் ஹோஸையும் சொட்டில்லாமல் காலி செய்துவிட்டு, பார்சல் ஆபீஸில் எஞ்சினை நிமிர்த்தியே கட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் மேட்டுப்பாளையத்தில் இறக்கி வைத்துவிடுவார்கள்.